தேருக்கு உடையவள்

பழைய ஊர்தி ஒன்றின் வரலாற்றைத் தேடப் புகுவோர், அதைச் செய்தவர் யார், அது யாருடையது என்ற இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் புறப்படுகிறார்கள். பாய்விரித்துப் பந்தயம் ஓடும் சிறுபடகுகளின் உலகில் இவ்விரண்டுக்கும் விடை காண்பது அவ்வளவு கடினமில்லை. பாயில் ஒட்டிய எண், அந்த எண்ணுக்கு நேரே படகு கட்டியவரின் பெயரையும் கைமாறிய உரிமையாளர்களின் பெயர்களையும் குறித்து வைத்த சங்கப் பதிவேடு, அளவெடுத்துக் கொடுத்த சான்றிதழ் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு போனால், முதல் பலகையை இழைத்த தச்சர் வரை போய்ச் சேர்ந்துவிடலாம். 1911-இல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற சங்கங்கள் வளர்த்த அந்த விளையாட்டு சென்னைத் துறைமுகத்தைத் தாண்டி உள்நாட்டுக்கு வரவில்லை. மேற்கு மலையடிவாரத்தில், கடற்காற்று எட்டாத தொலைவில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் ஊர்தி என்றால் தேர்தான். தேரையும் நாவாயையும் ஒரே குறளில் எதிரெதிரே நிறுத்தி, ஒன்றன் இடத்தில் மற்றொன்று செல்லாது என்று காட்டிய வள்ளுவர் இடத்தின் வலிமையைப் பேசினார். ஆனால் செய்தவர் யார், உடையவர் யார் என்று கேட்கத் தொடங்கினால் இவ்விரண்டு ஊர்திகளுக்கும் இடையே வேறொரு வேற்றுமையும் தெரிய வருகிறது. படகின் சொந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், படகு அப்படியே இருக்கும். தேரிலோ பலகைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, சொந்தக்காரி மட்டும் மாறுவதில்லை.

அந்தச் சொந்தக்காரி ஆண்டாள். பெருமாளுக்குப் பூமாலை கட்டித் தந்த பெரியாழ்வாரின் துளசி வனத்தில் கிடைத்த பெண், திருப்பாவையின் 30 பாசுரங்களையும் நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களையும் பாடியவள், மானிடனுக்கு வாழ்க்கைப்பட மறுத்து அரங்கனையே மணாளனாக வரித்தவள் என்று மரபு சொல்லும் அவளுடைய பெயரிலேயே, அரசு ஆவணங்களில், அருள்மிகு நாச்சியார் (ஆண்டாள்) திருக்கோயில் வழங்குகிறது. ஊரின் அடையாளமாகிய 11 நிலை, 192 அடி ராஜகோபுரம் வடபத்ரசாயி என்னும் பெரிய பெருமாள் சன்னிதிக்கு உரியது; பக்கத்துச் சன்னிதியில் ரங்கமன்னாரோடும் கருடனோடும் ஒரே கருவறையில் நிற்கும் நாச்சியார்தான் கோயிலுக்குப் பெயர் தந்திருக்கிறாள் என்பது தேரின் உடைமையைப் பற்றிய பேச்சில் மறக்கக் கூடாத செய்தி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் என்று அடைமொழியின்றிச் சொன்னால் ஆடிப்பூரத் தேரையே அது குறிக்கும். ஆடி மாதத்துப் பூர நட்சத்திரம் ஆண்டாளின் பிறந்தநாள். அதையொட்டிய விழாவின் ஐந்தாம் நாளில் பெரிய பெருமாள், ரங்கமன்னார், ஊருக்கு அருகே குன்றின்மேல் இருக்கும் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள், செண்பகத்தோப்புக் காட்டழகர், திருத்தங்கல் அப்பன் ஆகிய ஐவரும் கருடன் மீது ஏறி வருகிறார்கள். ஏழாம் நாளில் கிருஷ்ணன் கோயிலில் ஆண்டாளின் மடியில் ரங்கமன்னார் தலைவைத்துப் படுத்திருக்கிறார். ஒன்பதாம் நாளில் இருவரும் தேரேறுகிறார்கள். முதல் எட்டு நாள் வாகனங்களைத் தூக்குவோர் ஸ்ரீபாதம் தாங்கிகள், அதாவது சுவாமி எழுந்தருளும் வாகனத்தைத் தோளில் சுமக்கும் பணியுடையோர். அவர்களில் சில பத்துப்பேர் சேர்ந்தால் அன்னமும் கருடனும் வீதி சுற்றி வந்துவிடும். தேரை அப்படித் தூக்க முடியாது, இழுக்கத்தான் முடியும். இழுப்பதற்கு ஊர் முழுவதும் வேண்டும். எட்டு நாளும் கோயிலின் கையில் இருக்கும் விழா ஒன்பதாம் நாள் காலையில் ஊரின் கைக்குப் போவது இதனால்தான்.

தேரின் உடலைக் கீழிருந்து மேலாகப் பார்ப்பது நல்லது. சக்கரங்களும் அவற்றைக் கோக்கும் அச்சுகளும் அடியில் இருக்க, அச்சுகளின் மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கனத்த உத்தரங்கள் பார் எனப்படும் அடித்தளம் ஆகின்றன. அதன் மேல், கீழே குறுகி மேலே விரியும் வகையில், தெய்வ உருவங்களும் புராணக் காட்சிகளும் செதுக்கிய பலகைகள் வரிசை வரிசையாக ஏறிச் சென்று, அர்ச்சகர் நிற்கும் மேடையிலும் சுவாமி எழுந்தருளும் தேவாசனத்திலும் முடிகின்றன. மரவேலை அத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தேராகத் தெரிகிற கோபுரம் போன்ற பகுதி, மூங்கிலாலும் கயிற்றாலும் கட்டி, வண்ணத் துணிச் சீலைகளால் போர்த்தி, உருளை வடிவில் தைத்த தொம்பைகளைத் தொங்கவிட்டு, உச்சியில் கும்பம் வைத்து, ஆண்டுதோறும் புதிதாக எழுப்பப்படுவது. விழா முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். ஆகவே பழைய தேர் என்று சொல்லும்போது அதன் பாதி உடம்பைப் பற்றி மட்டுமே பேச முடியும். மீதிப் பாதி உடை.

அந்தப் பாதி உடம்பும் ஒரே காலத்து மரமாக இருப்பதில்லை. வெயிலையும் மழையையும் தாங்கும் என்பதற்காக இலுப்பையையும், உறுதிக்காக வேங்கையையும் தேக்கையும் தேர்த்தச்சர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஆயினும் ஆண்டில் ஒருநாள் மட்டும் பெரும்பாரத்தோடு குலுங்கி, மற்ற நாளெல்லாம் திறந்தவெளியில் நிற்கும் பொருளுக்கு எந்த மரமும் முழு ஈடு ஆகாது. ஒரு தலைமுறையில் அச்சு மாறும், அடுத்ததில் பார் மாறும், இடையிடையே சிற்பப் பலகைகள் உளுத்து, புதியவை அவற்றின் இடத்துக்கு வரும். கூர்ந்து பார்ப்பவருக்கு இது தெரியவே செய்யும்: மூக்கு மழுங்கி, எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன பழைய உருவத்துக்குப் பக்கத்திலேயே, உளித்தடம் மாறாத புதிய உருவம் ஒன்று வேறு கையின் வேலையாக நின்றுகொண்டிருக்கும்; பழைய உருவத்தின் இடுப்பில் இருக்கும் நெளிவு புதியதில் இராது, புதியதன் நகைவேலையில் இருக்கும் நுணுக்கம் பழையதில் இராது. எந்தப் பலகை எந்த ஆண்டில் மாறியது என்பதைத் தேர் தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது, ஆனால் ஆண்டைக் குறிக்காமல்.

இனி, முதலில் செய்வித்தவர் யார் என்ற கேள்வி. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வானமாமலை மடத்து ஜீயர் ஒருவர் பெரிய தேரைச் செய்வித்து அளித்தார் என்பது கோயிலில் வழங்கும் வரலாறு. வானமாமலை என்பது நாங்குநேரி. அங்குள்ள மடம் தென்கலை வைணவர்களின் முதன்மையான மடங்களுள் ஒன்று. ஜீயர் என்பவர் அதன் தலைவராகிய துறவி. திருமலை நாயக்கரின் காலத்தில் அரண்மனை இருந்த ஊர், நாயக்க அரசின் கொடைகளைக் கண்ட கோயில், தன் பெரிய தேருக்கு ஓர் அரசரையோ பாளையக்காரரையோ காட்டாமல் ஒரு துறவியைக் காட்டுவது ஏன் என்பதற்கு விடை அந்த நூற்றாண்டின் அரசியலில் இருக்கிறது.

1817-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட ஏழாம் ஒழுங்குவிதியின்படி கோயில்களையும் அவற்றின் சொத்துகளையும் மேற்பார்க்கும் பொறுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய் வாரியம் ஏற்றுக்கொண்டது. கலெக்டர்கள் கோயில் நிலங்களின் வருவாயைத் தண்டினார்கள், திருவிழாச் செலவுக்குப் பணம் தந்தார்கள், தேரோட்டத்தின்போது வடம் பிடிக்க ஆள் போதாவிட்டால் சுற்றூர்க் குடியானவர்களைக் கட்டாயப்படுத்திக் கொண்டுவரும்படி தாசில்தார்களுக்குச் சொன்னார்கள். தேரிழுப்பு பல இடங்களில் வேண்டுதலாக இருந்ததைவிட ஊழியமாக, அதாவது கூலியில்லாக் கட்டாய வேலையாக, இருந்த காலம் அது. இதைக் கிறித்தவ மறைப்பணியாளர்கள் எதிர்த்தார்கள். அவர்களுடைய எதிர்ப்பில் குடியானவனின் முதுகுக்காக வருந்திய பகுதி எவ்வளவு, கிறித்தவ அரசு ஒன்று விக்கிரகத்துக்குப் பணிவிடை செய்கிறதே என்று மனம் வெதும்பிய பகுதி எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். கோயில் தொடர்பை விட்டுவிடும்படி 1833-இல் லண்டனிலிருந்து ஆணை வந்தும் சென்னை அரசு அசையவில்லை. 1836-இல் சென்னையின் முதல் ஆங்கிலிகன் ஆயர் டேனியல் காரி வழியாக ஒரு பெரிய முறையீடு போனது. மாகாணப் படைத்தலைவர் சர் பெரெகிரின் மெய்ட்லண்டு 1838-இல் இதன் பொருட்டே பதவியைத் துறந்தார். அதன்பின் கம்பெனி படிப்படியாகக் கையை எடுத்துக்கொண்டது. 1863-ஆம் ஆண்டின் சட்டம் அந்த விலகலை முறைப்படுத்தியது.

அரசர்கள் போய், கம்பெனியும் ஒதுங்கிய அந்த இடைவெளியில் பெருஞ்செலவு பிடிக்கும் ஒரு தேரைச் செய்விக்கக்கூடிய கைகள் மடங்களிடமும் வணிகர்களிடமும் இருந்தன. ஜீயர் செய்வித்தார் என்ற செய்தியை இந்தப் பின்புலத்தில் வைத்துப் பார்த்தால், அது ஒரு பக்தரின் கொடையாக மட்டும் தெரியாது. அரசு விட்டுச்சென்ற இடத்தில் சமயம் தன் கையை ஊன்றிய நிகழ்ச்சியாகவும் தெரியும். வைணவர்கள் இராமானுசரை உடையவர் என்று அழைப்பதன் பொருளும் இங்கே நினைவுக்கு வருகிறது. உடையவர் என்ற சொல் அவர்களிடத்தில் அனுபவிப்பவரைச் சுட்டுவதைவிடப் பொறுப்பேற்பவரையே சுட்டுகிறது.

உடைமை பற்றிச் சட்டம் சொல்வது இதைவிட விசித்திரமானது. கோயிலில் பிரதிட்டை செய்யப்பட்ட விக்கிரகம் சட்டத்தின் கண்ணுக்கு ஓர் ஆள்; அது சொத்து வைத்திருக்கலாம், வழக்குத் தொடுக்கலாம், அதன்மேல் வழக்குத் தொடரவும் செய்யலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே உயர்நீதிமன்றங்கள் சொல்லிவந்த இக்கருத்தை லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1925-இல் உறுதிசெய்தது. அந்த வழக்கு எழுந்த காரணம் தேரைப் பற்றி எழுதுவோருக்கு மிகவும் பயன்படுவது: கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்தில் முறைவைத்து வழிபட்டுவந்த பங்காளிகளில் ஒருவர், தம் முறை வரும்போது குலதெய்வ விக்கிரகத்தைத் தம் வீட்டுக்கு எடுத்துச்செல்லலாமா என்பதே கேள்வி. விக்கிரகம் மேசை நாற்காலி போன்ற பொருளன்று, அது எங்கே இருக்க விரும்புகிறது என்பதும் கேட்கப்பட வேண்டும், அந்த விருப்பத்தைத் தன்னலமில்லாத ஒருவர் அதன் சார்பில் எடுத்துச்சொல்ல வேண்டும் என்று கவுன்சில் கூறியது. சார்பில் பேச ஆள் வேண்டியிருப்பதால் தெய்வத்தின் நிலையைச் சிறாரின் நிலையோடு ஒப்பிடுவது நீதிமன்ற வழக்கமாயிற்று; சொத்து உண்டு, ஆனால் அதைத் தானே ஆள முடியாது, பாதுகாவலர் வேண்டும் என்பது அதன் பொருள்.

எனவே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய தேர் சட்டப்படி நாச்சியாரின் சொத்து. நாச்சியாரோ சட்டப்படி வயதுக்கு வராதவள். தந்தை பார்த்துவைக்கும் மாப்பிள்ளையை ஏற்காமல் தன் மணாளனைத் தானே தேர்ந்துகொண்டவளும், யானைகள் சூழ அவன் வருவதைக் கனவில் கண்டு அந்தக் கல்யாணத்தின் ஒவ்வொரு சடங்கையும் தோழியிடம் வரிசையாகச் சொன்னவளுமான ஒரு பெண்ணுக்கு, நூற்றாண்டுகள் கழித்துச் சட்டம் கண்டுபிடித்துக் கொடுத்த இடம் இது. தன் திருமணத்தைத் தானே முடிவுசெய்தவளுக்குத் தன் தேரின் அச்சாணியை மாற்றக் காப்பாளரின் கையெழுத்து வேண்டும்.

அந்தக் காப்பாளர் யார் என்று தேடிப்போனால் வழி ராஜபாளையத்துக்கு வருகிறது. நீதிக்கட்சி ஆட்சியில் பனகல் அரசரின் முயற்சியால் 1920-களில் முதல் இந்து அறநிலையச் சட்டம் வந்தது. அதை நீக்கி, அது அமைத்த வாரியத்தின் இடத்தில் நேரடியான அரசுத் துறையை நிறுவிய 1951-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர் ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா. அவர் 1949 ஏப்ரலில் பொறுப்பேற்று, 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் தோற்று, பின்னர் ஒரிசாவின் ஆளுநராகப் போனார். தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் என்பதே இன்று ஊரில் அவரைப் பற்றி முதலில் சொல்லப்படுவது. அந்தச் சட்டத்தின் சில பிரிவுகள் 1954-இல் சிரூர் மடத்து வழக்கில் உச்சநீதிமன்றத்தில் நிற்கவில்லை; அவற்றைச் சரிசெய்து வந்த 1959-ஆம் ஆண்டின் 22-ஆம் சட்டமே இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது. ஆண்டாளின் தேர் நிற்கும் இடத்திலிருந்து பேருந்தில் அரைமணி நேரத் தொலைவில் பிறந்த ஒருவரின் ஆட்சியில்தான் அவளுக்கு அரசுத் துறை ஒன்று காப்பாளராக வந்தது என்பதை, இரண்டு ஊர்களிலும் எவரும் பெரிதாகப் பேசியதில்லை. அந்த அரசு 1949-இல் ஏற்றுக்கொண்ட முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது பரவலான நம்பிக்கை. வரைந்த ஓவியர் மதுரைக்காரராதலால் அது மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியிருந்தாலும், தேருக்கான டெண்டர் தாளின் தலைப்பில் ஒரு கோபுரம் இருக்கத்தான் செய்கிறது.

ஆவணத்தில் உள்ள உடைமை இது. வீதியில் வேறுவகை உடைமை ஒன்று இருக்கிறது. தேர் நகரும்போது சக்கரத்துக்குப் பக்கத்தில், குனிந்தபடியே பின்னோக்கி நடக்கிறவர்களின் கையில் இருப்பது முட்டுக்கட்டை. பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் வேலையைத் தடுப்பது. தேர்வீதியில் அது தேரை ஓட்டுகிற கருவி, ஏனென்றால் தேருக்கு வேறு திருப்புகோல் கிடையாது. ஒரு முனை ஆப்புப்போல் சரிந்த கனத்த கட்டை அது. நேரே போகும் தேர் வலப்புறம் சாய்கிறது என்றால் வலப்புறச் சக்கரத்துக்கு முன்னே கட்டையைக் கொடுக்க வேண்டும். சக்கரம் அதில் ஏறி, வழுக்கி, இடப்புறம் ஒதுங்கும். கொடுப்பது ஒரு நொடி முந்தினால் தேர் நின்றுவிடும், பிந்தினால் கட்டை சக்கரத்துக்கு அடியில் போய்விடும், கையும் போய்விடக்கூடும். வீதியின் முக்கில் தேரைத் திருப்புவது இந்தக் கலையின் உச்சம். முன்னே வடம் பிடித்தவர்களுக்கு முக்கு தெரியாது, மேலே நிற்பவர்களுக்குச் சக்கரம் தெரியாது, சக்கரத்துக்கு அருகே இருப்பவருக்கு மேலே கும்பம் எந்தப் பக்கம் ஆடுகிறது என்பது தெரியாது. துண்டை வீசியும் குரல் கொடுத்தும் ஒருவர் கண்ணை இன்னொருவருக்குக் கடன் கொடுத்துத்தான் தேர் திரும்புகிறது. ஓட்டம் முடிந்தபின் அந்தக் கட்டைகளைப் பார்த்தால், சரிந்த முகம் நைந்து, நார்நாராகப் பிரிந்து, துவைத்த தென்னைமட்டைபோல் இருக்கும். அடுத்த ஆண்டு புதுக்கட்டை.

மரச்சக்கரங்கள் இருந்த காலத்தில் தேர் நிலைக்கு வந்துசேர நாட்கணக்காகும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். நிலை என்பது தேர் புறப்பட்டு, வீதிகளைச் சுற்றி, மீண்டும் வந்து நிற்க வேண்டிய இடம். அச்சு முறிவதும், மழை பெய்து மண்ணில் சக்கரம் புதைவதும், இழுப்போர் களைத்து வடத்தைக் கீழே போடுவதுமாக, தேர் தெருவிலேயே இரவு தங்கும். தங்கிய இடத்தில் பூசை நடக்கும், நிவேதனம் நடக்கும், எந்த வீட்டு வாசலில் தேர் நின்றதோ அந்த வீட்டார் அதைத் தலைமுறைக்கும் சொல்லிக்கொள்வார்கள். பின்னர் இரும்புச் சக்கரங்களும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்டன. இந்த மாற்றத்துக்குத் தமிழகத்தில் முன்மாதிரி திருவாரூர்த் தேர். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடாமல் நின்ற அந்த ஆழித்தேர், திருச்சி பெல் நிறுவனம் செய்தளித்த இரும்புச் சக்கரங்களோடும் பிரேக்கோடும் 1970-இல் மீண்டும் ஓடியது, அதைப் பார்த்து மற்ற ஊர்களும் அவ்வழியே போயின. இப்போது காலையில் வடம் பிடித்த ஆடிப்பூரத் தேர் சில மணி நேரத்தில் நிலைக்கு வந்துவிடுகிறது.

இதில் ஊர் எதையோ இழந்துவிட்டது என்று எழுதுவது எளிது, எழுதவும் பட்டிருக்கிறது. ஆனால் மரச்சக்கரத்துக்காக ஏங்குவோர் அதன் அடியில் மாண்டவர்களை வசதியாக மறந்துவிடுகிறார்கள். பூரி ஜகந்நாதரின் தேரைப் பார்த்து ஆங்கிலேயர் தம் மொழியில் ஜகர்நாட் என்ற சொல்லை உண்டாக்கி, எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கும் பெருஞ்சக்திக்கு அதைப் பெயராக்கினார்கள்; அதில் மிகையும் இளக்காரமும் கலந்திருந்தாலும், பிரேக் இல்லாத பெருந்தேர் எத்தகையது என்பது வடம் பிடித்த எவருக்கும் தெரியும். 2022 ஏப்ரலில் தஞ்சைக்கு அருகே களிமேட்டில் உயர்மின்கம்பி உரசி, சப்பரத்தில் மின்சாரம் பாய்ந்து 11 பேர் இறந்தபின், தேர்நாளில் மின்தடை செய்வதும் கம்பிகளை அகற்றுவதும் கண்டிப்பாகப் பார்க்கப்படுகின்றன. இரும்புச் சக்கரம் பறித்துக்கொண்டது ஒன்றே ஒன்று: தேர் எங்கே நிற்கும் என்பது முன்கூட்டித் தெரியாதிருந்த நிலை. அந்தத் தெரியாமையில்தான் தெருக்காரர்களின் பங்கு இருந்தது. இன்று தேர் கால அட்டவணைப்படி எல்லா வாசல்களையும் சமமாகக் கடந்து போகிறது.

வடத்தில் கைவைக்கும் உரிமை என்பது இன்னொரு வகை உடைமை, மிகவும் கசப்பானது. எந்த வடத்தை எந்தச் சாதியார் பிடிப்பது, முதல் மரியாதை யாருக்கு, எந்தத் தெரு வழியாகத் தேர் போகும், எந்தத் தெரு வழியாகப் போகாது என்பவை தமிழகத்துத் தேர்களின் வரலாற்றில் நீதிமன்றம் வரை போன கேள்விகள். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் இந்தக் கேள்வியால் தேர் ஆண்டுக்கணக்கில் நிலையைவிட்டு நகராமல் நின்றது. தேரின் அச்சு முறிந்தால் மாற்றலாம்; இப்படி நின்ற தேரை நகர்த்தத் தச்சரும் பெல் நிறுவனமும் போதாது. தெய்வமே உடையவர் என்று சட்டம் சொன்னதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது: தேர் எந்தச் சாதிக்கும் சொந்தமில்லை என்று சொல்வதற்கு, அது வேறொருவருக்குச் சொந்தம் என்று முதலில் சொல்ல வேண்டியிருந்தது.

ராஜபாளையத்தின் பங்கு இதில் பார்வையாளரின் பங்கு மட்டுமன்று. 1927-இல் விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை திறந்ததிலிருந்து இரு ஊர்களும் அடுத்தடுத்த நிலையங்களாயின, 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியபின் ஒன்று கோயிலூர், மற்றது ஆலையூர் என்று பிரிந்து வளர்ந்தன. ஆந்திர நாட்டிலிருந்து விசயநகரக் காலத்தில் வந்து குடியேறிய ராஜுக்களும், சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிக்காரர்களும், மலையடிவாரத்து மாந்தோப்புக்காரர்களும் ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீதியில் வடத்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். இதற்கிடையே இந்த வீதிகள் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1910-இல் இராமநாதபுரத்துக்கும், 1985-இல் இன்று விருதுநகர் எனப்படும் மாவட்டத்துக்கும் போயின. தேர் சுற்றும் பாதை அதே பாதைதான்.

பழைய பலகைகள் எங்கே போகின்றன என்பதைக் கேட்காமல் இந்த வரலாறு முடியாது. தென்னிந்தியத் தேர்களிலிருந்து கழற்றப்பட்ட யாளிகளும் மங்கையரும் குதிரைவீரரும் கலைப்பொருள் வணிகர்களின் கடைகளிலும், உல்லாச விடுதிகளின் வரவேற்பறைகளிலும், கடல்கடந்த வீடுகளின் சுவர்களிலும் மாட்டப்பட்டிருப்பதைக் காண்பது அரிதன்று. நூறாண்டு கடந்த சிற்பங்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. ஆனால் இந்தப் பலகை இந்தத் தேரினுடையது என்று நிறுவ எழுத்துச் சான்று இல்லாதபோது சட்டத்தின் கை எதையும் பிடிக்க முடியாது. பந்தயப் படகுக்கு இருக்கும் எண் தேர்ப்பலகைக்கு இல்லை.

ஆகவே கேட்க வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. தேர் திருப்பணி நடக்கும் ஒவ்வொரு முறையும், கழற்றிய பலகையின் படம், அதன் அளவு, அது இருந்த இடம், புதிய பலகையின் மரம், அதைச் செதுக்கிய தேர்த்தச்சரின் பெயரும் ஊரும், மாற்றிய ஆண்டும் மாதமும் ஆகியவற்றை எழுதிவைக்கும் ஒரு பதிவேடு கோயிலில் இருக்க வேண்டும்; முட்டுக்கட்டை போடுவோரின் பெயர்களும் அதில் ஆண்டுதோறும் ஏற வேண்டும். உடையவள் பெயரை எழுதும் இடம் முதல் பக்கத்தில் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. செய்தவர்களுக்கான பக்கங்களை அடுத்த திருப்பணியிலிருந்தாவது காப்பாளர்கள் எழுதத் தொடங்க வேண்டும்.